ஒட்டுக்கு அடியில்

குரு என்று கூப்பிட்டால் மரகதவல்லிக்குக் கோபம் வரும். "நான் என்ன பாடமா நடத்துறேன்? துணி பார்க்கிறேன்" என்பார். அதனால் டீச்சர் என்று கூப்பிட்டோம். அதையும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.

அருங்காட்சியகம் ஒன்றில் பழைய துணிகளைப் பாதுகாக்கிற வேலை அவருக்கு. வயது நாற்பத்தொன்று. கடலில் கால் நனைத்ததோடு சரி. ஆனால் முந்நூறு வருடத்துக்கு முந்தைய கடல்கொள்ளைக்காரன் என்ன துணியில் சட்டை போட்டான், கைமடிப்பை எப்படித் தைத்தான், அது முதலில் எங்கே நைந்தது என்றெல்லாம் அவரிடம் கேட்கலாம். கூடவே இருந்து பார்த்தவர் மாதிரி சொல்வார்.

எங்கள் முகாம் வருடத்துக்கு மூன்று நாள். தூத்துக்குடிக்கு வடக்கே, பனைகள் முடிந்து மணல் தொடங்குகிற ஒரு கரையில் கூடுவோம். 1720-ஆம் வருடம் ஒரு கொள்ளைக்கப்பலின் ஆட்கள் அங்கே கரையிறங்கியிருந்தால் எப்படி இருந்திருப்பார்களோ அப்படி இருப்போம். பாய்த்துணிக் கூடாரம், இரும்புக் கொப்பரை, மரக்கிண்ணம், கருவாடு, பல்லை உடைக்கிற ரொட்டி. செல்போன்கள் கார் டிக்கியில் கிடக்கும். நர்ஸ், லாரி ஓட்டுநர், வங்கி மேலாளர் என்று மொத்தம் இருபத்து மூன்று பைத்தியங்கள். தபால் நிலையத்தில் வேலை பார்க்கிற நான் கொப்பரைக்குப் பொறுப்பு.

முகாமின் விதி ஒன்றுதான். கண்ணில் படுகிற எதுவும் 1720-க்குப் பிந்தியதாக இருக்கக் கூடாது.

அதைப் பார்ப்பவர் டீச்சர். நல்லது, கெட்டது என்று வாய் திறக்க மாட்டார். மணிக்கட்டில் ஒரு சின்னப் பஞ்சுத் திண்டு கட்டியிருப்பார். அது நிறையக் குண்டூசி. தப்பு இருக்கிற இடத்தில் ஒன்று குத்துவார், அடுத்த ஆளிடம் போய்விடுவார். ஊசி எங்கே இருக்கிறதோ அங்கே என்ன தப்பென்று நாமே மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் நாள் காலையில் ஒரு பாய்த்தோணி வரும். இயந்திரம் இல்லாதது. கிளம்புகிற நேரத்தில் இன்னொரு முறை பார்ப்பார். ஊசி இல்லாத உடுப்புக்காரர்கள் மட்டும் ஏறலாம்.

கயித்தான் அண்ணாச்சி எங்களிடம் வந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தொன்பது. துறைமுகத்தில் இழுவைப் படகு வேலை பார்த்து, ஓய்வு பெறப்போகிற நேரம். அதற்கும் முன்னால், வாலிபத்தில், பாய்த்தோணியில் பதினோரு வருடம். கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் கூரை ஓட்டையும் உப்பையும் ஏற்றிக்கொண்டு போய் வந்தவர். எங்கள் கூட்டத்திலேயே பாய் இழுத்த கை அவருடையது ஒன்றுதான்.

அந்த மனிதர் முதல் வருடம் எப்படி வந்தார் தெரியுமா? ஒற்றைக் கண்ணில் கறுப்புப் பட்டை. இறகு வைத்த தொப்பி. முழங்கால் வரை பூட்ஸ். இடுப்பில் பட்டுக் கச்சை. சினிமா போஸ்டரிலிருந்து இறங்கி வந்தவர் மாதிரி நின்றார்.

டீச்சர் பதினேழு ஊசி குத்தினார். அன்றைக்கு அவர் வாயைத் திறந்தது ஒரே ஒரு தடவை.

"அண்ணாச்சி, தோணியில பூட்ஸ் போட்டுக்கிட்டா ஏறுனீங்க?"

கயித்தான் அண்ணாச்சி தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் சிரித்தார். "வெறுங்காலு டீச்சர். பூட்ஸ் போட்டா வழுக்கிக் கடல்ல போய்க் கெடக்கணும்."

"அப்ப இது யாரோட காலு?"

அந்த வருடம் அவர் கரையில் நின்று, தோணி போவதைப் பார்த்தார். பாய் விரிந்தபோது அவருடைய இரண்டு கையும் தானாக மூடித் திறந்ததை நான் பார்த்தேன்.

இரண்டாம் வருடம் ஐந்து ஊசி. காலர், பொத்தான், மிஷின் தையல் மூன்று இடத்தில். மறுபடியும் கரை.

மூன்றாம் வருடத்துக்கு அவர் உயிரைக் கொடுத்துத் தைத்தார். கைத்தறித் துணி, கையால் நூற்ற நூல், அவுரிச் சாயம், மாட்டுக்கொம்புப் பொத்தான். நாலு மாதம் அவரே ஊசி பிடித்தார். காரணம் இருந்தது. தோணிக்காரர் சொல்லிவிட்டார், இதுதான் கடைசி. அடுத்த மாதம் தோணிக்கு இன்ஜின் வைக்கப் போகிறார்கள். பாய்மரத்தை அறுத்துவிடுவார்கள். அதன் பிறகு அந்தக் கரையில் பாயில் ஓடுகிற தோணி கிடையாது.

"ஒரே ஒரு வாட்டி இசக்கி," என்று என்னிடம் சொன்னார். "பாய் காத்து வாங்கும்போது பலகை காலுக்கடியில ஒரு நடுக்கம் நடுங்கும். முப்பத்துநாலு வருசமாச்சு. அத ஒரு வாட்டி கால்ல வாங்கிட்டாப் போதும்."

முதல் நாள் டீச்சர் அவர் சட்டையைக் கழற்றச் சொல்லி மடியில் வைத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். கடைசியில் ஒரே ஒரு ஊசி குத்தினார். இடது முழங்கையில் அழகாக ஒரு ஒட்டுப் போட்டிருந்தார் அண்ணாச்சி. அதன் நடுவில்.

அண்ணாச்சிக்கு முகம் செத்துவிட்டது.

"இதுல என்ன குறை டீச்சர்? ஒட்டு கைத்தறி. நூலு கைநூலு. தையல் நீங்க காட்டுன படத்துல இருந்த தையல். மாலுமி சட்டைன்னா ஒட்டு இருக்கும்லா?"

டீச்சர் சின்னக் கத்திரியை எடுத்து அந்த ஒட்டின் தையலை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினார். அவசரமே படவில்லை. நான் கொப்பரையில் தண்ணீர் ஊற்றி, அது கொதித்தும் விட்டது. நாலு பக்கமும் பிரித்து ஒட்டைத் தூக்கினார். அடியில் இருந்த துணியை விரலால் தடவிக் காட்டினார்.

"என்ன இருக்கு அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்ல. நல்ல துணிதான்."

"அப்ப இந்த ஒட்டு எதை மூடிக்கிட்டு இருந்துச்சு?"

அண்ணாச்சி ஒட்டு இருந்த இடத்தைத் தானும் தடவிப் பார்த்தார். "பின்னே கிழிச்சுட்டு ஒட்டவா?"

"எந்த வேலை செய்யும்போது கிழிஞ்சதுன்னு கேட்டா என்ன சொல்வீங்க?"

டீச்சர் ஒட்டுத்துணியை அவர் கையில் கொடுத்து, ஊசியைத் தன் திண்டில் திருப்பிக் குத்திக்கொண்டார். சட்டையையும் கொடுத்தார். அதில் இப்போது ஒரு ஊசியும் இல்லை.

அண்ணாச்சிக்கு அது புரியவே ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் நேராகக் கடல் பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அழுகிறாரோ என்று பார்க்க எனக்கு ஆசை. பார்க்கவில்லை.

மறுநாள் பிற்பகல் வாடைக்காற்று கிளம்பியது. சமையல் கூடாரத்துக்குள் நான் இருந்தேன். முன்னால் கொப்பரை, அதன் அடியில் நல்ல தீ. ஒரே வீச்சில் முன்கயிற்றின் முளை பிடுங்கிக்கொண்டது. அந்தக் கூடாரத்துப் பாய்த்துணி எண்ணெயும் மெழுகும் ஊறியது. அது தீயில் விழுந்தால் நானும் அதோடு சேர்ந்து எரிந்திருப்பேன்.

விழவில்லை. பறந்த கயிற்றை யாரோ பிடித்துவிட்டார்கள். நான் தவழ்ந்து வெளியே வந்து பார்த்தால் கயித்தான் அண்ணாச்சி. கயிற்றை வலது தோளில் ஒரு சுற்றுப் போட்டு, குதிகாலை மணலில் ஊன்றி, உடம்பைச் சாய்த்து நின்றார். காற்று இழுக்க இழுக்க, கயிறு தோளில் அறுத்துக்கொண்டு ஓடியது. நாலு பேர் சேர்ந்து தீயை மணல் போட்டு மூடும் வரை அவர் விடவில்லை.

விட்டபோது சட்டை தோளிலிருந்து முதுகு வரை கிழிந்து தொங்கியது. உள்ளே தோலும் உரிந்திருந்தது.

நாலு மாதத் தையல்.

"கழத்திப் போட்டுட்டுப் பிடிச்சிருக்கலாமே அண்ணாச்சி" என்றேன். இதைவிட முட்டாள்தனமாக யாரும் பேசியிருக்க முடியாது.

"நேரம் இருந்துச்சா?" என்றார் அவர்.

காயத்துக்கு மருந்து வாங்க டீச்சர் நர்ஸோடு காரில் ஊருக்குப் போனார். இருட்ட ஒரு மணி நேரம் இருந்தது. அண்ணாச்சி கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்தார். சட்டையின் அடிவாலை ஒரு முழம் வெட்டினார். கைக்கு எட்டிய தூரத்தில் கிழிந்த மீன்வலை ஒன்று மணலில் புதைந்து கிடந்தது. பேசிக்கொண்டே அதிலிருந்து ஒரு இழையை உருவி, ஊசியில் கோத்து, ஒட்டைத் தைக்கத் தொடங்கினார்.

"எங்க தோணியில சிலுவைன்னு ஒருத்தரு இருந்தாரு," என்றார். "எனக்குப் பதினாறு வயசு. மொதப் பயணத்துலயே கயிறு இதே தோள்ல சட்டையக் கிழிச்சிட்டு. புதுச் சட்டை. எங்கம்மா எடுத்துக் குடுத்தது. நான் அழுதேன். சிலுவையண்ணன் திட்டிட்டு, வாலை வெட்டித் தோள்ல ஒட்டிக் குடுத்தாரு. வாலு உள்ள கெடக்கிறதுதான, யாரு பாக்கப் போறான்னாரு."

"அந்தச் சட்டை இருக்கா அண்ணாச்சி?"

"துறைமுகத்துல வேலை கெடச்சதும் யூனிஃபாரம் குடுத்தாக. பழச எல்லாம் தூக்கிப் போட்டுட்டேன். கொஞ்ச நாள் அடுப்படியில துடைக்கிற துணியாக் கெடந்துச்சு." இரண்டு தையல் போட்டார். "சிலுவையண்ணனும் இல்ல, அந்தத் தோணியும் இல்ல. அந்தச் சட்டை இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும் இசக்கி. நெசமாவே நல்லா இருந்திருக்கும்."

தையல் கோணலாக இருந்தது. அவர் பார்த்துத் தைக்கவில்லை, கை பாட்டுக்குத் தைத்தது. முடித்துப் பல்லால் இழையைக் கடிக்கப் போனார். கடிபடவில்லை. அப்போதுதான் அது என்ன இழை என்று இரண்டு பேருமே பார்த்தோம். பச்சை நைலான்.

"அடக்கடவுளே," என்றார் மெதுவாக. பிரிக்க ஊசியை எடுத்தார். வெளிச்சம் போய்விட்டது. ஊசியைக் கீழே வைத்தார். "குளிருது. இது இருக்கட்டும்" என்று சட்டையைப் போட்டுக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை தோணி வந்தது. கரையிலிருந்து அதற்கு ஒரு பலகை போட்டிருந்தார்கள். பலகையின் கரைப்பக்க முனையில் டீச்சர். எனக்கு ஊசி இல்லை. பலகை ஆடாமல் பிடித்துக்கொள்கிற வேலையைக் கொடுத்து என்னை அங்கேயே நிறுத்தியிருந்தார்கள்.

கடைசி ஆளாக அண்ணாச்சி வந்தார்.

டீச்சர் அவர் தோளைப் பார்த்தார். ஒட்டின் ஓரத்தில் விரலை ஓட்டினார். திண்டிலிருந்து ஒரு ஊசியை எடுத்தார். எடுத்தவர் குத்தாமல், கழுத்துப் பக்கம் சட்டையை விலக்கி உள்ளே பார்த்தார்.

"எரியுதா?"

"உப்புத் தண்ணி பட்டா எரியும்."

டீச்சர் அந்த இழையைக் கவனித்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு ஒன்று மட்டும் ஞாபகம் வந்தது. போன வருடம் என் காலருக்கு உள்பக்கம், யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில், மூன்றே மூன்று மிஷின் தையல் இருந்தது. அதற்காக என்னைக் கரையில் நிறுத்தினார்கள். அந்த எரிச்சல் ஒரு வருடமாக எனக்குள் இருந்திருக்கிறது, எனக்கே தெரியாமல். முந்தின நாள் என் உயிரைக் காப்பாற்றிய மனிதர் முன்னால் நிற்கிறார். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"டீச்சர், அது நைலான்."

தோணியில் ஏறியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆமா டீச்சர். நைலான்தான்," என்றார் அண்ணாச்சி. என் மேல் அவருக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. பலகையில் வைத்திருந்த காலை எடுத்துக்கொண்டு மணலில் ஒதுங்கி நின்றார். கண் மட்டும் பாய்மரத்தின் உச்சியில் இருந்தது. மேலே பாயை அவிழ்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

டீச்சர் என்னைப் பார்த்தார். ஊசி இன்னும் அவர் விரலில் இருந்தது. அதைத் திண்டில் திருப்பிக் குத்தினார்.

"அடியில கிழிஞ்சிருக்கு இசக்கி," என்றார்.

நான் குனிந்து பலகையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வெறுங்கால் ஒன்று என் விரல்களைத் தாண்டிப் பலகையில் ஏறியது.