ஒட்டகம் நின்ற இடம்

அம்பாசமுத்திரத்தில் கெட்டிக்காரர்கள் நிறைய உண்டு. அவர்களைப் பற்றி நமக்கு இப்போது பேச்சில்லை. நாம் பேச வந்தது பந்தல் குற்றாலிங்கத்தைப் பற்றி.

குற்றாலிங்கம் கல்யாணங்களுக்குப் பந்தல் போடுகிறவர். ஆள் தங்கம். பந்தல் போடச் சொன்ன வீட்டில் போடாமல் எதிர்வீட்டில் போட்டது மூன்று தடவைதான். அவரோடு எப்போதும் இரண்டு பேர். ஒருவன் மைத்துனன் நாறும்பூ. மைக்செட் கட்டுகிறவன், எட்டாம் வகுப்பு வரை இங்கிலீஷ் படித்தவன். இன்னொருவர் பிச்சையா, கல்யாண சமையல்காரர்.

ஊரில் ஒரு பாத்திரக்கடை ஆடித் தள்ளுபடிக்குக் குலுக்கல் வைத்தது. குற்றாலிங்கம் வாங்கியது ஒரு இட்லிச் சட்டி. விழுந்தது மூன்று பேருக்கு நாலு நாள் துபாய்ச் சுற்றுலா.

கிளம்பும்போது அவர் மனைவி செண்பகவல்லி வாசலில் நின்று ஒரே ஒரு புத்திமதி சொன்னாள். "அங்க போயி உங்க சொந்த மூளையை உபயோகிக்காதீங்க. யாரு என்ன சொல்லுதாங்களோ அதை அப்படியே கேட்டு நடங்க. திங்கக்கிழமை காலையில பத்து மணிக்கு மக உலகம்மாளுக்கு நிச்சயதாம்பூலம். ஞாபகம் இருக்கட்டும்."

மகள் பின்னாலிருந்து, "நீங்க வராம நான் மணையில உக்கார மாட்டேம்ப்பா" என்றாள். குற்றாலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. சொன்னதை அப்படியே கேட்பது என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டார்.

டிக்கெட் போட்டுக் கொடுத்தவர், "பாஸ்போர்ட்டை மட்டும் கைய விட்டுறாதீங்க" என்று சொல்லியிருந்தார். விமான நிலையத்தில் அதிகாரி பாஸ்போர்ட்டைக் கேட்டார்.

"பாத்துக்கிடுங்க சார். ஆனா விட மாட்டேன்" என்றார் குற்றாலிங்கம்.

"முத்திரை குத்தணும்ங்க."

"குத்துங்க. நான் பிடிச்சிக்கிடுதேன்."

அதிகாரி இழுத்துப் பார்த்தார். பந்தக்கால் ஊன்றின கை அது, அசையவில்லை. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. கடைசியில் அவர் குத்திய முத்திரை பாதி பாஸ்போர்ட்டிலும் பாதி குற்றாலிங்கத்தின் கட்டைவிரலிலும் விழுந்தது.

"அத்தான், இந்த விரலைக் கழுவிராதீங்க. அதையும் சேத்தாத்தான் முத்திரை முழுசு" என்றான் நாறும்பூ. அன்றைக்குப் பூராவும் குற்றாலிங்கம் விரலைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்தார். விமானத்தில் எல்லோரும் அவர் 'எல்லாம் நல்லபடி' என்று சைகை காட்டுவதாக நினைத்துப் பதிலுக்குக் காட்டினார்கள்.

துபாயில் அவர்களை அழைத்துப்போக வந்தவர் ஜமால்தீன். கடையநல்லூர்க்காரர், இருபது வருஷமாக அங்கே வண்டி ஓட்டுகிறார், ஊரையும் சுற்றிக் காட்டுகிறார். நம்ம பக்கத்து ஆட்கள் என்றதும் அவருக்கு ஒரே சந்தோஷம். மூவரின் கடிகாரத்தையும் தானே துபாய் நேரத்துக்கு மாற்றி வைத்தார். முதல் நாள்தானே.

ஓட்டல் அறைக்குள் நுழைந்ததும் கதவின் உள்பக்கக் கைப்பிடியில் ஒரு அட்டை தொங்கியது. நாறும்பூ எழுத்துக்கூட்டிப் படித்தான். "தயவுசெய்து தொந்தரவு செய்யாதீர்கள்னு போட்டிருக்கு அத்தான்."

"யாரையாம்?"

மூவரும் கட்டிலுக்கு அடியில் பார்த்தார்கள். யாரும் இல்லை.

"அறையில ஆளே இல்ல. அப்ப அறையைத்தான் தொந்தரவு பண்ணக் கூடாது" என்றார் பிச்சையா.

நியாயமாகத்தான் பட்டது. பஞ்சுமெத்தையைத் தொடவில்லை. விளக்கைப் போடவில்லை. மூவரும் அவரவர் பெட்டிமேல் உட்கார்ந்து, ரகசியக் குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் ஆனபிறகு பிச்சையாவின் முழங்கை பட்டு அட்டை திரும்பிக்கொண்டது. மறுபக்கத்தில் வேறு எழுத்து.

"தயவுசெய்து அறையைச் சுத்தம் செய்யவும்" என்று படித்தான் நாறும்பூ.

"அதான பாத்தேன். சும்மா தங்க விடுவானா?" என்று வேட்டியை மடித்துக் கட்டினார் குற்றாலிங்கம்.

அறையைத் துடைத்தார்கள், சன்னலைத் துடைத்தார்கள். பிச்சையா குளியல் தொட்டியை அண்டா தேய்க்கிற தேய்ப்பில் தேய்த்தார். அறையைச் சுத்தம் செய்ய வந்த நேபாளத்துப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, தன் வேலைக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து மேலாளரிடம் ஓடினாள்.

இரண்டாம் நாள் ரயிலில் ஊர் சுற்றலாம் என்று ஜமால்தீன் கூட்டிப்போனார். "மஞ்சள் கோட்டுக்குப் பின்னாலயே நில்லுங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு ரயிலில் ஏறினார். கதவு மூடிக்கொண்டது. அடுத்த நிலையத்தில் இறங்கி அவர் திரும்பி வருவதற்குள் ஒன்பது ரயில்கள் போய்விட்டன. மூவரும் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஏன் ஏறலை?"

"கோட்டைத் தாண்டலாம்னு நீங்க சொல்லவே இல்லையே" என்றார் குற்றாலிங்கம், கொஞ்சம் வருத்தத்தோடு.

மூன்றாம் நாள் வானத்தைத் தொடுகிற ஒரு கட்டடத்தின் உச்சிக்குப் போனார்கள். பிச்சையாவுக்கு உயரம் என்றால் மயக்கம் வரும். அதனால் ஜமால்தீன், "கீழ மட்டும் பாத்துராதீங்க" என்று சொல்லி அனுப்பினார். மூவரும் உச்சிக்குப் போய் அரைமணி நேரம் அண்ணாந்து விட்டத்தையே பார்த்துவிட்டு இறங்கி வந்தார்கள்.

"எப்படி இருந்துச்சு?"

"பொய் சொல்லக் கூடாது. ஒரு துளி ஒட்டடை இல்ல" என்றார் பிச்சையா.

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பாலைவனம் பார்க்கிற நாள். விமானம் பகல் இரண்டு மணிக்கு. "பதினோரு மணிக்கு ஏர்போர்ட்டுல இருக்கணும். இந்த விமானத்தை விட்டா அடுத்தது நாளை மறுநாள்தான்" என்று சொல்லி, விடிந்ததும் வண்டியைக் கிளப்பிவிட்டார் ஜமால்தீன். குற்றாலிங்கத்துக்கு மகள் சொன்னது நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

தார்ச்சாலை முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில் வண்டி நின்றது. "மணல்ல ஓடணும்னா டயர்ல காத்து கம்மியா இருக்கணும். நான் அந்தக் கூடாரத்துல டீ வாங்கிட்டு வாரேன். நீங்க பாதிக் காத்தை இறக்கி விட்டுருங்க" என்று மூவரிடமும் சொல்லிவிட்டுப் போனார்.

குற்றாலிங்கம் நாலு டயரிலும் பாதிக் காற்றை இறக்கினார். எழுந்து கையைத் தட்டும்போது நாறும்பூ உட்கார்ந்தான்.

"நீ எதுக்கு மாப்ளே?"

"என்னையும் பாத்துத்தான சொன்னாரு?"

அவன் இருந்ததில் பாதியை இறக்கினான். மிச்சம் இருந்ததில் பாதியைப் பிச்சையா இறக்கினார். ஜமால்தீன் நாலு டீயோடு திரும்பி வந்தார். வண்டி மணலில் படுத்திருந்தது. அவரும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

டீ குடித்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது. "கூடாரத்துல பம்பு இருக்கும். வாங்கிட்டு வாரேன். இங்கனயே இருங்க. ஒருவேளை வழி தெரியலைன்னா பதறாதீங்க. அந்தா ஒரு ஒட்டகம் நிக்குதுல்லா, அதுக்குப் பக்கத்துல போயி நின்னுக்கிடுங்க. நான் வந்து கூட்டிக்கிடுதேன்."

அவர் தலை மறைந்ததும் குற்றாலிங்கம் கேட்டார்: "ஏல நாறும்பூ, உனக்கு வழி தெரியுதா?"

"எதுக்கு வழி?"

"அம்பாசமுத்திரத்துக்கு."

நாறும்பூ நாலு பக்கமும் பார்த்தான். "தெரியலையே அத்தான்."

"எனக்கும் தெரியல. பிச்சையா, உமக்கு?"

"எனக்கு இங்க கிழக்கே தெரியல அண்ணாச்சி."

"அப்ப நமக்கு வழி தெரியல. வாங்க, ஒட்டகத்துக்கிட்ட போவோம்."

மூவரும் ஒட்டகத்தின் பக்கத்தில் போய் நின்றார்கள். ஒட்டகம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. பிறகு நடக்கத் தொடங்கியது.

இது பெரிய சிக்கல். "பக்கத்துல நிக்கணும்னு சொன்னாரு. நின்னா பக்கத்துல இருக்க முடியல. பக்கத்துல இருந்தா நிக்க முடியல" என்றான் நாறும்பூ.

குற்றாலிங்கம் யோசித்தார். "பத்தடி அது கூட நடப்போம். அப்புறம் ஒரு நொடி நிப்போம். ரெண்டு சொல்லையும் காப்பாத்தினாப்ல ஆச்சு."

அப்படியே போனார்கள். நடப்பதும் நிற்பதுமாக ஒரு மேடு ஏறினார்கள், இன்னொன்று இறங்கினார்கள். வெயில் ஏறிவிட்டது. ஒருமணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது வண்டி இல்லை, கூடாரம் இல்லை. எங்கே பார்த்தாலும் மணல்தான்.

குற்றாலிங்கத்துக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மகள் பட்டுப்புடவையோடு அறைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது போலவும், மாப்பிள்ளை வீட்டார் கடிகாரத்தைப் பார்ப்பது போலவும் கண்ணுக்குத் தெரிந்தது. பேச வேறு பெரிய மனுஷர் யாரும் இல்லாததால் ஒட்டகத்திடமே பேசினார். "ஐயா, நாளைக்கு என் மகளுக்கு நிச்சயம். நீங்க பெரியவங்க. கொஞ்சம் எங்கயாவது நில்லுங்க."

ஒட்டகம் அசைபோட்டது. அதற்கும் வீட்டு ஞாபகம் வந்திருக்க வேண்டும். நடையை எட்டிப் போட்டது. அடுத்த மேட்டைத் தாண்டியதும் ஒரு வேலி, தகரக்கொட்டகை, தண்ணீர்த் தொட்டி. ஒட்டகம் உள்ளே போய் நின்றது. மூவரும் பக்கத்தில் போய், நிம்மதியாக நின்றார்கள்.

ஒட்டகத்தின் சொந்தக்காரர் வெள்ளை அங்கி போட்ட ஒரு அரபுக் கிழவர். காலையில் ஒரு ஒட்டகம் வெளியே போயிருந்தது. இப்போது ஒரு ஒட்டகமும் மூன்று ஆட்களும் திரும்பி வந்திருக்கிறார்கள். பேரீச்சம்பழமும் பாலும் கொடுத்தார். அவர்கள் கழுத்தில் தொங்கின சுற்றுலா அட்டையில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டார்.

காற்றடித்த டயரோடு ஜமால்தீன் வந்து சேர்ந்தபோது மணி பத்தேகால். கூப்பிட்டுக் கூப்பிட்டு அவருக்குத் தொண்டை கட்டிப் போயிருந்தது. மூவரையும் மாறி மாறிக் கட்டிக்கொண்டார். "என்னத்துக்கு அண்ணாச்சி இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"நாங்க எங்க வந்தோம்? நீங்க சொன்ன இடத்துலதான் நிக்கோம். இடந்தான் வந்துட்டு" என்றார் குற்றாலிங்கம்.

அதற்குப் பிறகு விமான நிலையம் வரைக்கும் ஜமால்தீன் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் அதைச் செய்துவிடுவார்கள் என்று பயம். வண்டி பறந்தது. பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்து, வாசலில் நின்று கையை மட்டும் உயர்த்திக் காட்டினார். மூவரும் அதே மாதிரி கையை உயர்த்தியவாறே விமானத்தின் கதவு வரைக்கும் போனார்கள்.

விமானம் மேலே ஏறியதும் ஒரு பணிப்பெண் தமிழிலேயே அறிவித்தாள்: "இந்திய நேரத்துக்காக உங்கள் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்."

மூவரும் கடிகாரத்தைக் கழற்றி முன்னால் இருந்த பலகையில் வைத்தார்கள். சரியாக ஒன்றரை மணி நேரம். சாப்பாடு வந்தபோதுகூட அதை எடுக்காமல், தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். நேரம் முடிந்ததும் எடுத்துக் கட்டிக்கொண்டார்கள்.

விமானம் திருவனந்தபுரத்தில் இறங்கியது. எல்லோரும் எழுந்து பெட்டிகளை எடுத்தார்கள். குற்றாலிங்கமும் எழுந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று டிக்கெட்டை எடுத்துப் பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மாப்ளே, விமானம் எத்தனை மணிக்கு இறங்கும்னு போட்டிருக்கு?"

"ஏழரைக்கு."

"இப்ப மணி என்ன?"

நாறும்பூ தன் கடிகாரத்தைப் பார்த்தான். பிச்சையாவின் கடிகாரத்தையும் பார்த்தான். "ஆறு, அத்தான்."

"அப்படின்னா நாம இன்னும் கடலுக்கு மேலதான இருக்கோம்?" என்றார் பிச்சையா மெல்ல.

பணிப்பெண் வந்தாள். "சார், ஊர் வந்துடுச்சு. எல்லாரும் இறங்கியாச்சு. நீங்களும் இறங்குங்க."

குற்றாலிங்கம் சன்னலுக்கு வெளியே பார்த்தார். ஒரே இருட்டு. கடல் என்றே முடிவு கட்டினார். சொன்னதைக் கேட்கக் கூடாது என்று வாழ்க்கையிலேயே முதல்தடவையாக அவருக்குத் தோன்றியது.

"நிச்சயதாம்பூலம் நாளைக்குத்தான் தாயி. எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று பெல்ட்டை இழுத்து இறுக்கிக்கொண்டார். "ஏல நாறும்பூ, பாவம், இறங்கிப் போன அத்தனை பேருக்கும் நீச்சல் தெரியுமாலே?"