ஒன்பதாவது வீட்டுப் பானை

“ஒரு வீடு கணக்கைக் கெடுக்குதும்மா,” என்றார் தில்லைநாயகம்.

மடத்துத் தலைவி உமையம்மை கிணற்றடியில் கீரை அலசிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“எந்த வீடு?”

“தோப்புத் தெருவுல ஒன்பதாவது வீடு.”

தில்லைநாயகத்துக்கு வயது நாற்பத்தெட்டு. குருவைவிடப் பத்து வயது மூத்த சீடர். அரிசி மண்டிக்காரர் வீட்டுப் பிள்ளை. மனைவி போன பிறகு காவி கட்டிக்கொண்டு மடத்துக்கு வந்தவர். எதையும் எண்ணாமல் விடமாட்டார். மடத்துக் காக்கைகளுக்குக்கூட அவரிடம் பேரேடு உண்டு என்று சமையற்கட்டில் கேலி பேசுவார்கள். கேலி கிடக்கட்டும், ஈரமுள்ள மனுஷர்.

அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. கஞ்சித் தொட்டி திறக்க மடத்தில் தானியம் இருந்தது. ஆனால் எல்லாத் தெருவுக்கும் காணாது. அதனால் ஒரு விதி வைத்திருந்தார்கள். வீட்டுக்குச் சராசரி மூன்று படிக்குக் குறைவாக அரிசி இருக்கிற தெருவுக்குத்தான் கஞ்சி.

தில்லைநாயகம் ஏட்டைப் பிரித்தார்.

“எட்டு வீட்டுல ரெண்டு படி, ரெண்டரை, ரெண்டே கால், இப்படித்தான் இருக்கு. சேர்த்தா பதினெட்டு. ஒன்பதாவது வீட்டுல மட்டும் பன்னிரண்டு. ஆக முப்பது. ஒன்பதால வகுத்தா மூணு படியைத் தாண்டிப் போகுது. அந்தத் தெருவுக்குக் கஞ்சி கிடையாது.”

“ம்.”

“எட்டு வீட்டுப் பிள்ளைகளும் எலும்பும் தோலுமா இருக்கும்மா. பார்க்கச் சகிக்கலை. ஒரு பானைக்காக எட்டு வீடு பட்டினி கிடக்கணுமா? அந்த ஒண்ணை அடிச்சிட்டா சராசரி ரெண்டே கால். நாளைக்கே அடுப்பு மூட்டிடலாம்.”

“அடிச்சிட்டா அந்த வீட்டுக்கு?”

“ஏட்டுல பேர் இருக்காது. கஞ்சியும் இருக்காது. பன்னிரண்டு படி வச்சிருக்கிறவளுக்கு எதுக்கும்மா கஞ்சி?”

அவர் குரலில் கோபம் இல்லை. எட்டு வீட்டுக்காக மனசு கிடந்து அடித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

“யாரு வீடு அது?”

“பேச்சின்னு ஒரு அம்மா. புருஷன் இல்லை. ஒரே ஒரு பெண் குழந்தை.”

“அந்தப் பிள்ளை எப்படி இருக்கு?”

தில்லைநாயகம் ஏட்டைப் பார்த்தார். ஏட்டில் அது இல்லை.

“படுத்திருந்துச்சு. சரியாப் பார்க்கலை.”

“பன்னிரண்டு படின்னு எப்படித் தெரிஞ்சுது?”

“அரிசி எவ்வளவு இருக்குன்னு கேட்டேன். நிறைஞ்சிருக்கு சாமின்னா. மூலையில பானை இருந்துச்சு. மண்டியில வளர்ந்தவன் இல்லியா, பானையைப் பார்த்தாலே எத்தனை படி பிடிக்கும்னு சொல்லிடுவேன்.”

உமையம்மையின் கை தண்ணீருக்குள் அப்படியே நின்றது. சீடரை நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கப் போகிறார் என்று தோன்றியது. சிரிக்கவில்லை.

“அடிச்சுக்கலாம். அதுக்கு முன்னாடி அந்த வீட்டுல ஒரு வேளை சாப்பிட்டுட்டு வாங்க.”

“எதுக்கும்மா? ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். அதான் பார்த்துட்டேனே.”

“பதம் பார்க்கிறவங்க சோத்தை நசுக்கித்தான் பார்ப்பாங்க. போயிட்டு வாங்க.”

பேச்சி வாசலில் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள். சாமி சாப்பிட வந்திருக்கிறார் என்றதும் அவள் முகம் மலர்ந்தது. மறுநொடியே வாடியது. தில்லைநாயகம் இரண்டையும் பார்த்தார். இரண்டாவதைக் கஞ்சத்தனம் என்று எடுத்துக்கொண்டார்.

“உட்காருங்க சாமி. இதோ ஆச்சு.”

உட்கார்ந்தார். கொல்லையில் முருங்கைக் கிளை முறியும் சத்தம் கேட்டது. அடுப்பு எரிந்தது. வெகுநேரமாகியும் சோறு பொங்கும் வாசனை மட்டும் வரவே இல்லை.

இலை வந்தது. இலையில் உப்புப் போட்டு வேகவைத்த முருங்கைக்கீரை. பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர்.

பாயில் கிடந்த குழந்தை கண்ணைத் திறந்து இலையைப் பார்த்தது. எழுந்திருக்கவில்லை. அதன் மணிக்கட்டு தில்லைநாயகத்தின் கட்டைவிரல் பருமன்தான் இருந்தது.

“சோறு...” என்று கேட்டுவிட்டார்.

பேச்சி தலை குனிந்துகொண்டாள்.

“அதான் சாமி, அன்னைக்கே சொன்னேனே. நிறைஞ்சிருக்குன்னு.”

அவர் எழுந்து போய்ப் பானைக்குள் கையை விட்டார். முழங்கை வரைக்கும் உள்ளே போயிற்று. விரலில் ஒரு மணி தட்டுப்படவில்லை.

“அரிசியைப் போய் இல்லைன்னு வாயால சொல்லலாமா சாமி? சொன்னா வீடு வெளங்குமா? எங்க ஆத்தா காலத்துலேருந்து இப்படித்தான். தீர்ந்துபோச்சுன்னா நிறைஞ்சிருக்குன்னுதான் சொல்லுவோம்.” சற்று நிறுத்திவிட்டு, “உங்க வீட்டுல எப்படிச் சொல்லுவாங்க?” என்று கேட்டாள். குத்திக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

தில்லைநாயகம் யோசித்துப் பார்த்தார். மண்டி வீட்டில் நாற்பது வருஷத்துக்கு மேல் இருந்தார். மூட்டை மேல் மூட்டையாக அடுக்கியிருக்கும். அந்தச் சொல்லுக்கு அங்கே ஒருநாளும் வேலை வந்ததில்லை.

“எங்க வீட்டுல யாரும் சொன்னதில்லைம்மா.”

ஒரு வாய் கீரையை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு, இலையைக் குழந்தை பக்கம் நகர்த்தினார். குரு சாப்பிடச் சொல்லியிருந்தார், சாப்பிட்டார். வெட்கமாக இருந்தது. தண்ணீர் குடித்து விழுங்கினார்.

மடத்துக்கு ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார்.

“தப்புப் பண்ணிட்டேம்மா. அந்த அம்மா பேசினது எனக்குப் புரியலை. அவ பானையில ஒரு குந்துமணி கிடையாது. அந்தப் பிள்ளையைப் பார்த்தேன்...” மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உமையம்மை சமையற்கட்டுப் பக்கம் திரும்பினார். “தோப்புத் தெருவுல பேச்சி வீட்டுக்கு இப்பவே ஒரு தூக்குக் கஞ்சி போகட்டும்,” என்றார். போயிற்று.

தில்லைநாயகத்துக்கு மூச்சு சீரானது. ஏட்டைப் பிரித்துப் பன்னிரண்டை அடித்தார். பேச்சியின் பெயரை முதல் வரியில் எழுதினார்.

“ஒன்பது வீட்டுக்கும் சேர்த்துப் பதினெட்டு படிம்மா. சராசரி ரெண்டு. இப்ப யாரையும் தள்ள வேண்டாம். கணக்கு நேராயிடுச்சு.”

“சந்தோஷம்,” என்றார் உமையம்மை. அவருக்கு உண்மையாகவே சந்தோஷம்தான். “மத்த எட்டு வீட்டுல என்ன கேட்டீங்க?”

“அதேதாம்மா. அரிசி எவ்வளவு இருக்குன்னு.”

“என்ன சொன்னாங்க?”

“ரெண்டு படின்னாங்க. ரெண்டரைன்னாங்க. எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுபோலத்தான்...”

“அளந்தீங்களா?”

எட்டு வீட்டுப் பிள்ளைகளும் எலும்பும் தோலுமாக தில்லைநாயகத்தின் கண்ணுக்குள் வந்து நின்றார்கள்.

அரிசி அளக்க மடத்துப் படியை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கினார்.