தேய்ந்த வரி

தவசிமுத்துக் கொத்தனாருக்கு ஐம்பத்தாறு வயது. சுண்ணாம்பு தெறித்து இரண்டு கண்ணும் போன பிறகு, தொட்டு வாசிக்கும் புள்ளி எழுத்துப் படிக்க வந்தவர். சொல்லிக்கொடுத்த ஜெபக்கனி டீச்சர் அவரைவிட இருபது வயது இளையவர். பத்தொன்பது வயதில் வந்த காய்ச்சலில் அவருக்கும் பார்வை போயிருந்தது.

ஸ்தோத்திரப் பண்டிகைக்கு நான்கு வாரம் இருந்தது. விளைந்ததில் முதல் பங்கைக் கோவிலுக்குக் கொண்டுவந்து ஊரே நன்றி சொல்லும் நாள் அது. அன்றைக்கு வேதபாடத்தைக் கொத்தனார் விரலால் தொட்டு வாசிப்பார் என்று போதகர் சபையில் அறிவித்துவிட்டார். அறிவித்தவர் நல்ல மனசோடுதான் அறிவித்தார். மாட்டிக்கொண்டது கொத்தனார்.

எட்டு மாதமாகியும் அவர் முதல் வரியைத் தாண்டவில்லை. முப்பது வருஷம் பூச்சுக் கரண்டி பிடித்த கையில் விரல் நுனியெல்லாம் காய்த்துப்போயிருந்தது. புள்ளிகள் எல்லாம் சேர்ந்து மணல் ஒட்டிய தாளாகத்தான் அவருக்குத் தெரிந்தது.

அந்தப் புதன்கிழமை புத்தகத்தை மூடி வைத்தார்.

"டீச்சர், அடுத்த வாரத்துலேருந்து நான் வரல."

ஏன் என்று டீச்சர் கேட்டார். விரல் மரத்துப்போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், மனசும் மரத்துப்போச்சே என்றார் கொத்தனார். ஜெபம்பண்ண முழங்கால் போட்டால் குறைதான் வருகிறதாம். உம்முடைய கோவில் சுவரையே பூசின கைக்கு இதுதானா கூலி என்று ஆண்டவரிடம் சண்டைக்குப் போகிறாராம்.

"இந்த வாயை வச்சுக்கிட்டு நன்றிப் பாடம் எப்படி டீச்சர் வாசிக்கது? நீங்க மட்டும் எப்படித் தாக்குப்பிடிச்சீங்க?"

டீச்சர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து தன்னுடைய வேதாகமச் சங்கீதப் புத்தகத்தைத் தூக்கி வந்தார். புள்ளி எழுத்தில் அது தலையணை கனம் இருக்கும். ஒரு பக்கத்தை விரித்து அவர் முன்னால் வைத்தார்.

"என்னைத் தாக்குப்பிடிக்க வச்ச வரி இதுல இருக்கு அண்ணாச்சி. கண்டுபிடிங்க."

"ஒரு எழுத்தே பிடிபடல. வரிக்கு எங்க போக?"

"வாசிக்க வேண்டாம். சுவர்ல பூச்சு பாப்பீங்கள்லா, அப்படிப் பாருங்க."

அது அவருக்குக் கைவந்த கலை. ஒரு தடவு தடவிவிட்டு எந்த இடத்தில் ஆள் சோம்பினான் என்று சொல்லிவிடுவார். வலது கையால் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. இடது கையைப் போட்டார். மேலிருந்து ஆறாவது வரியில் விரல் வழுக்கியது.

"இங்க வழவழன்னு இருக்கு. அச்சுல கோளாறோ?"

"இல்ல. ஆறு வருஷம் நான் தேய்ச்சது."

ஆறு வருஷம் ஒருத்தி பிடித்துக்கொண்டிருந்த வரி என்றால் ஆண்டவர் கொடுத்த எப்பேர்ப்பட்ட வாக்குத்தத்தமாக இருக்கும் என்று கொத்தனார் நினைத்துக்கொண்டு, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். டீச்சர் சொன்னார். என்னை மறந்துவிட்டீரா, இன்னும் எத்தனை நாளைக்கு இந்தப் பாடு என்று ஒரு மனுஷன் கடவுளைக் கேட்கிற இடமாம் அது.

"அப்போ ஸ்தோத்திரம்?"

"அது கீழ இருக்கு. தொடுங்க. அங்க நான் அதிகம் போகல, புள்ளியெல்லாம் புதுசா நிக்கும்."

தொட்டார். கடுகு கடுகாகத் தட்டுப்பட்டது. மூன்று புள்ளி, தள்ளி இரண்டு, அப்புறம் ஒன்று என்று வாய்விட்டு எண்ணத் தொடங்கிவிட்டார். எந்த விரல் என்று டீச்சர் கேட்டார்.

"இடக்கை மோதிர விரல். கரண்டி படாத விரல்."

"அப்போ எட்டு மாசமா தப்பான விரலைப் போட்டுப் பாடாப் படுத்தியிருக்கேன். மன்னிச்சுக்கோங்க."

இருவரும் சிரித்தார்கள். கொத்தனார் அந்த விரலை இன்னொரு கையால் பொத்திப் பிடித்துக்கொண்டார். காணாமல்போன பிள்ளை வீடு திரும்பின சந்தோஷம் அவருக்கு. ஆனால் முதலில் கேட்ட கேள்வி அப்படியேதான் இருந்தது.

"விரல் கிடைச்சிட்டு டீச்சர். மனசுக்கு என்ன பண்ண? ஆறு வருஷம் குறை சொன்ன நீங்க, எப்போ நன்றி சொல்ல ஆரம்பிச்சீங்க?"

"ஒருநாள் காலையில வழக்கம்போலச் சண்டை போட உட்கார்ந்தேன் அண்ணாச்சி. அப்போதான் உறைச்சுது. ஆறு வருஷமா நான் இம்புட்டுத் திட்டியும் ஆண்டவர் எந்திரிச்சுப் போகல. முதல் ஸ்தோத்திரம் அதுக்குத்தான் சொன்னேன்."

கொத்தனார் தான் மூடி வைத்த புத்தகத்தை இழுத்துத் திறந்து, மோதிர விரலை முதல் வரியில் வைத்தார்.