பேராசிரியர் தேடிய பூஜ்யம்

ஏகாம்பரநாதன் என்று ஒரு பேராசிரியர். அவர் ஒன்றை இல்லை என்று சொல்லிவிட்டால், அது உலகத்திலேயே கிடையாது.

அன்று மாணவர்கள் எல்லோர் முன்னாலும், புதிதாக ஆராய்ச்சிக்குச் சேர்ந்த பர்வீனின் ஆராய்ச்சிக் கேள்வியை, கட்டுரைகளைத் தேடும் டேட்டாபேஸில் அப்படியே தட்டினார்: "நைட் ஷிஃப்ட் பார்க்கும் நர்ஸுகளுக்கு ஏன் தூக்கம் கெடுகிறது?"

கிடைத்த கட்டுரைகள்: பூஜ்யம்.

"பார்த்தியாம்மா? ஒருத்தரும் எழுதலை. இன்னைக்கே தலைப்பை மாத்து."

"சார், மில் தொழிலாளிகள் தூக்கத்தைப் பத்தி நீங்க எழுதின கட்டுரை இதுல இருக்கா?"

"இல்லாமலா!" என்று அவரே தட்டினார்: "நைட் ஷிஃப்ட் பார்க்கும் மில் தொழிலாளிகளுக்கு ஏன் தூக்கம் கெடுகிறது?"

பூஜ்யம்.

"அப்போ நீங்களும் எழுதலையா சார்?"

பின்னால் யாரோ இருமினார்கள். பேராசிரியர் கீபோர்டை அவள் பக்கம் தள்ளினார்.

"முழு வாக்கியமும் அப்படியே எந்தக் கட்டுரையிலும் இருக்காது சார்" என்று பர்வீன் கேள்வியை மூன்றாக உடைத்தாள். நர்ஸ் அல்லது செவிலியர். நைட் ஷிஃப்ட் அல்லது இரவுப் பணி. தூக்கமின்மை அல்லது உறக்கக் குறைவு. மூன்றையும் 'மற்றும்' போட்டு இணைத்தாள். கட்டுரைகள் பக்கம் பக்கமாக வந்து இறங்கின.

பேராசிரியர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கடைசிவரை பார்த்தார்.

"இதுல நான் எங்கேம்மா?"

"நர்ஸை எடுத்துட்டு மில் தொழிலாளின்னு போடுங்க சார். வந்துடுவீங்க."