பயம் நீக்கிய முட்டைகள்

ஏரிக்கரையில், கூழாங்கற்களுக்கு நடுவே, ஓர் ஆள்காட்டிக் குருவி மூன்று முட்டைகள் இட்டிருந்தது. நிழல் அசைந்தாலும் அது கத்தும். சருகு விழுந்தாலும் கத்தும். கொக்குகள் அதற்குப் பயந்தாங்கொள்ளி என்றே பெயர் வைத்துவிட்டன.

"இந்தப் பேரு என்னோட போகட்டும். என் பிள்ளைங்களுக்கு வேண்டாம்" என்று அது கருவேல மரத்துப் பச்சோந்தியிடம் போய் நின்றது. முட்டைக்குள் இருக்கும் குஞ்சின் குணத்தையே மாற்றுகிற பச்சிலைச் சாறு பச்சோந்தியிடம் இருந்தது. ஓட்டின் மேல் தடவினால் போதும்.

"பயத்தை எடுத்துடலாம், அக்கா" என்றது பச்சோந்தி. "ஆனா எடுத்தது எடுத்ததுதான். நாளைக்கு அதுங்க இடுற முட்டையிலயும் பயம் இருக்காது. கேட்டுக்கிட்டியா?"

"என் முட்டை. நான் யாரைக் கேட்கணும்?"

"உள்ளே இருக்கிறதைத்தான் கேட்கணும். அதுக்கு இன்னும் வாய் இல்லையே."

ஆள்காட்டிக்கு எரிச்சலாக இருந்தது. "நீ தடவு" என்றது. பச்சோந்தி மறுத்திருக்கலாம். ஆனால் அதற்கும் தன் சாற்றின் மேல் ஒரு பெருமை. மூன்று ஓட்டிலும் தடவிக் கொடுத்தது.

குஞ்சுகள் பொரிந்தன. எருமையின் குளம்புக்கு முன்னால் நின்று அதை அண்ணாந்து பார்த்தன. கொக்குகளின் கால்களுக்கு இடையே புகுந்து நடந்தன. கொக்குகளே ஒதுங்கி வழி விட்டன. தாய்க்குப் பெருமை பிடிபடவில்லை.

எட்டாம் நாள் உச்சி வெயிலில் பருந்து வட்டமிட்டது. தாய் வீரிட்டுக் கத்தியது. அந்தக் குரல் கேட்டால் ஆள்காட்டிக் குஞ்சு அப்படியே தரையோடு படுத்துவிடும். அசையாமல் கிடந்தால் அதுவும் ஒரு கூழாங்கல்தான், பருந்தின் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் குஞ்சைப் படுக்க வைப்பது குரல் அல்ல, பயம்.

"படுங்க! படுத்துடுங்க!"

"ஏம்மா?" என்று கேட்டது மூத்தது. கேட்டுவிட்டு வானத்தைப் பார்த்தது. பருந்து அதைத் தூக்கிக்கொண்டு போனது. திரும்பி வந்து இரண்டாவதையும் கொண்டுபோனது. மூன்றாவதன் மேல் தாய் விழுந்து, சிறகால் மூடிக் கிடந்தது.

"எதுக்கும்மா என்னை அமுக்குறே?" என்றது குஞ்சு.

தாய் அழுதுகொண்டே பச்சோந்தியிடம் ஓடியது. "பயத்தைத் திருப்பிக் கொடு."

"ஓட்டுக்குள்ள போன சாறை என்னால வெளியே எடுக்க முடியாது, அக்கா" என்று பச்சோந்தி தலை குனிந்தது.

தாயின் காவலிலேயே அந்த ஒரு குஞ்சு வளர்ந்தது. மறு வருஷம் அதே கரையில் அதுவும் நான்கு முட்டை இட்டது. அவற்றிலும் பயம் இருக்காது என்று தாய்க்குத் தெரியும். மகள் அருகே வந்தது.

"அம்மா, பருந்து வந்தா எல்லாக் குஞ்சுங்களும் படுக்குது. என்னால மட்டும் முடியல. என்கிட்ட இருந்து என்னத்தை எடுத்தே?"

தாய் மகளின் முட்டைகளுக்குப் பக்கத்தில் போய் நின்று, வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

பிறக்கப்போகிறவரின் பிறவிக் குணத்தை நம் ஆசைக்கு மாற்றினால், அதற்கான விலையை வாய் திறந்து வேண்டாம் என்று சொல்ல முடியாத அவர்களும் அவர்களுடைய பிள்ளைகளுமே கொடுக்க வேண்டியிருக்கும்.