மாட்டுக்கயிற்றில் மாட்டிய விரால்

விவரப்பட்டிக்காரர்களுக்கு விவரம் போதாது என்று சுற்றுவட்டாரத்தில் சொல்வார்கள். அது வயிற்றெரிச்சல். அவர்களுக்கு விவரம் உண்டு. என்ன, ஒரு சொல்லுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் வைத்துக்கொள்வார்கள், இரண்டாவது அர்த்தம் வந்தால் ஊருக்குள் விடமாட்டார்கள். ‘வண்டிகளைப் பார்த்துக் கடக்கவும்’ என்ற பலகையைப் படித்துவிட்டு, பார்ப்பதற்கு ஒரு வண்டியும் வராததால் சாயங்காலம் வரை ரோட்டைக் கடக்காமல் நின்றவர்கள் அந்த ஊரில் இன்றும் சௌக்கியமாக இருக்கிறார்கள்.

அந்த ஊர் மாசிலாமணிக்குக் கூடுதலாக ஒரு திறமை இருந்தது. வாயைத் திறந்தால் ரீல்தான். மழை பெய்தால் அது தான் சொல்லித்தான் பெய்தது என்பார். ஊரில் அவரை ‘ரீல் மாசிலாமணி’ என்று கூப்பிட்டார்கள். அதை ஏதோ பட்டம் என்று நினைத்து, கல்யாணப் பத்திரிகைகளில் தன் பெயருக்கு முன்னால் போடச் சொல்லிக் கேட்பார்.

அந்த வாய்தான் அவரை ஒரு கல்யாணப் பந்தியில் மாட்டிவிட்டது. பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தவர் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் திருவேங்கடம். அவருடைய மகனுக்கு மாசிலாமணியின் மகள் செண்பகத்தைப் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. திருவேங்கடம் தூண்டில் பைத்தியம். நாற்பது வருடமாகத் தூண்டில் போடுகிறேன் என்று அவர் சொன்னதும் மாசிலாமணியால் சும்மா இருக்க முடியவில்லை.

“எங்க கண்மாயில முழங்கை நீளத்துக்கு விரால் கிடக்குங்க. ஞாயித்துக்கிழமை ஆனா நான் தூண்டிலும் கையுமாத்தான் இருப்பேன்” என்றார்.

திருவேங்கடம் பிசைந்த சோற்றை அப்படியே வைத்தார். “அப்படிச் சொல்லுங்க! தூண்டில் போடுறவனுக்குத்தான் பொறுமை இருக்கும். பொறுமை இருக்கிற வீட்லதான் பொண்ணெடுக்கணும்னு இருக்கேன். வர்ற ஞாயித்துக்கிழமை பையனோட வர்றேன். நீங்க தூண்டில்ல ஒண்ணைக் கரையேத்துறதை என் கண்ணால பாக்கணும். பாத்துட்டா நிச்சயத்துக்கு நாள் குறிச்சிரலாம். இல்லேன்னா இந்தப் பேச்சை இதோட விட்டுருவோம்.”

மாசிலாமணிக்கு அதுவரை தூண்டிலுக்கு எந்தப் பக்கம் முள் என்றுகூடத் தெரியாது.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட செண்பகத்தின் முகம் வாடிவிட்டது. மாப்பிள்ளைப் பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. “அப்பா, அவங்க வீட்டுக்கு போன் போட்டு உண்மையைச் சொல்லிருங்க” என்றாள்.

“சொல்லலாம்தான் தாயி. பழக்கமில்லாத வேலை, பாதியில நாக்கு குழறிருச்சுன்னா?” என்றார் மாசிலாமணி. தன் வாயால் மகள் வாழ்க்கை கெட்டுவிடுமோ என்ற பயம் அவருக்கு நிஜமாகவே வந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு பேரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் புறப்பட்டார். ஒருவர் மச்சினன் மொக்கராசு. ஒருமுறை கண்மாய்க்குள் தவறி விழுந்தவர் என்பதால் தண்ணீர் விஷயத்தில் அனுபவசாலி. இன்னொருவர் மருமகன் முறையாகும் சோணைமுத்து. அவர் மீன் சாப்பிடமாட்டார், ஆகவே நடுநிலையாகப் பேசுவார் என்று சேர்த்துக்கொண்டார்கள்.

டவுனில் தூண்டில் சாமான் விற்பவர் காதர் பாய். பொறுமைசாலி. அன்றைய தினம் வரைக்கும்.

“விரால்தானே? முதல்ல கம்பு பாருங்க. கம்பு கைக்கு அடக்கமா இருக்கணும். வளைஞ்சு குடுக்கணும், விறைப்பா இருக்கக் கூடாது” என்றார் பாய்.

சோணைமுத்து ஒரு கம்பை எடுத்து நிறுத்தினார். அது அவர் தலைக்கு மேலே இரண்டடி நின்றது. “மாமா, இது ஆளைவிட உசந்து நிக்குது. கும்பிட்டேன், குனியக்கூட இல்ல. இதுல எங்க அடக்கம்?”

“நெட்டையா இருக்கிறதெல்லாம் திமிர் பிடிச்சதுதான்” என்று மொக்கராசு ஒத்துக்கொண்டார்.

கடைசியில் ஒரு மூலையில் ஒன்றரை அடியில் ஒரு மடக்குத் தூண்டில் கிடைத்தது. நுனியைப் பிடித்து இழுத்தால் நீளும், தலையில் தட்டினால் உள்ளே போய்விடும். மொக்கராசு நாலு தட்டு தட்டினார். உள்ளே போனது. இன்னும் நாலு தட்டினார். எதிர்த்து ஒரு வார்த்தை இல்லை.

“இதான் மாமா அடக்கம்!”

“அதை வெளியில இழுத்து நீட்டித்தான் மீன் பிடிக்கணும்” என்றார் பாய்.

“எதுக்கு? அடங்கின பிள்ளையை இழுத்துவிட்டுக் கெடுக்கவா?” என்று கேட்டார் மாசிலாமணி. பெண்ணைப் பெற்றவர், அவருக்குத் தெரியாதா?

அடுத்து தூண்டிலில் கட்டும் நரம்பு. “ரெண்டு கிலோ விராலுக்குப் பத்து கிலோ நரம்பு தாராளம்” என்று பாய் ஒரு சின்ன உருளையை எடுத்து வைத்தார். மொக்கராசு அதைத் தூக்கிக்கொண்டு பக்கத்து மளிகைக் கடைக்கு ஓடினார். திரும்பி வந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது.

“பாய், நூறு கிராம்தான் நிக்குது. மிச்சம் ஒம்போது கிலோ தொள்ளாயிரம் எங்க?”

“ஏப்பா, அது நரம்போட எடை இல்ல. நரம்பு பத்து கிலோ எடையைத் தாங்கும்.”

மூவரும் யோசித்தார்கள். சோணைமுத்துதான் முதலில் வாயைத் திறந்தார். “சரி, தாங்கட்டும். நரம்போட ஒரு முனையில மீனு. இன்னொரு முனையில யாரு?”

“நான்தான்” என்றார் மாசிலாமணி.

“நீங்க எத்தனை கிலோ மாமா?”

“எழுபத்தெட்டு.”

“அப்ப மீன் பக்கம் தாங்கிரும். மாமா பக்கந்தான் அந்துரும்.”

அறுந்து போகிற நரம்பை நம்பி மகள் கல்யாணத்தைத் தொங்கவிட முடியாது என்று மாசிலாமணி முடிவாகச் சொல்லிவிட்டார். வீட்டில் மாடு கட்டும் கயிறு இருந்தது. முரட்டுக் காளையையே தாங்கிய கயிறு, எழுபத்தெட்டு கிலோவைத் தாங்காதா?

பாய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, கைப்பிடி வைத்த பளபளப்பான ஒரு சக்கரத்தை எடுத்தார்.

“இதான் ரீல். கம்பு, கயிறு எதுல வேணா கோட்டை விடுங்க, இதுல விட்டுறாதீங்க. மீன் கடிச்சு இழுக்கும்போது நீங்க ரீலை விடணும். ஒரேயடியா விட்டா சிக்கிக்குவீங்க. கொஞ்சம் கொஞ்சமா, நிதானமா விடணும். அது இழுக்க இழுக்க நீங்க ரீலை விட்டுக்கிட்டே இருக்கணும். களைச்சுப்போய் தானா நிக்கும். அப்ப இழுத்தா கரைக்கு வந்துரும்.”

மொக்கராசும் சோணைமுத்தும் மெல்லத் திரும்பி மாசிலாமணியைப் பார்த்தார்கள். மாசிலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. ஐம்பத்திரண்டு வயதில், அவருடைய திறமை ஒரு காரியத்துக்கு உதவும் என்று முதல்முறையாக ஒரு மனிதர் சொல்கிறார்!

“ரீல் விடுறதுக்கா டவுன்ல மிஷின் வச்சிருக்கான்?” என்றார் சோணைமுத்து.

“பாவம், இவங்களுக்கு வாய் வராது போல” என்றார் மொக்கராசு.

மாசிலாமணி அந்தச் சக்கரத்தைப் பெருந்தன்மையோடு பாயின் பக்கம் நகர்த்தி வைத்தார். “இது இல்லாதவங்களுக்குக் குடுங்க பாய். நமக்கு இயற்கையிலேயே இருக்கு.”

கடைசியாகப் பொய் இரை. ரப்பரில் செய்த மீன், அடியில் மூன்று கொக்கி. “தண்ணி தெளிவா இருந்தா வெள்ளி நிறம் எடுங்க. கலங்கலா இருந்தா பளீர்னு சிவப்பு. உங்க கண்மாய் எப்படி?” என்று பாய் கேட்டார்.

“கண்ணாடியாட்டம் இருக்கும்.”

“அப்ப வெள்ளி.”

“மங்கள காரியம், சிவப்பே குடுங்க” என்றார் மாசிலாமணி. “தண்ணியை நாங்க பாத்துக்கிறோம்.”

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சோணைமுத்து தன்னுடைய பதினோரு எருமைகளையும் கண்மாய்க்குள் இறக்கிவிட்டார். குழம்பின குட்டையில் மீன் பிடிப்பது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? எருமைகள் சந்தோஷமாகப் புரண்டன. ஒரு மணி நேரத்தில் கண்மாய் கேப்பைக்கூழ் பதத்துக்கு வந்துவிட்டது.

பத்து மணிக்குத் திருவேங்கடம் வந்து இறங்கினார். தலையில் தொப்பி, கையில் பன்னிரண்டு அறை வைத்த பெட்டி, தோளில் மூன்று தூண்டில். கூட வந்த பையன் நேராகச் செண்பகம் நின்ற வேப்பமரத்தடிக்குப் போய்விட்டான். திருவேங்கடம் தண்ணீரைப் பார்த்தார். தண்ணீருக்கு மேல் தெரிந்த பதினோரு தலைகளைப் பார்த்தார்.

“இது என்ன?”

“விராலுக்குக் கலக்கி வச்சிருக்கோம்” என்றார் மாசிலாமணி.

நாற்பது வருட அனுபவஸ்தர் தனக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வார்? “ஓ, அந்த முறையா!” என்று தலையை ஆட்டிக்கொண்டே பெட்டியைத் திறந்தார்.

மாசிலாமணி மாட்டுக்கயிற்றின் ஒரு முனையில் சிவப்பு மீனைக் கட்டினார். நடுவில் ஒன்றரை அடிக் கம்பைச் சுற்றினார். மறுமுனையை, எழுபத்தெட்டு கிலோ முனையை, தன் இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டார். மனதுக்குள் குலசாமியைக் கும்பிட்டு வீசினார். சிவப்பு மீன் போய் ‘சளக்’கென்று விழுந்தது.

விழுந்த இடத்தில் அல்லி நின்றது. சோணைமுத்துவின் எருமைகளிலேயே பெரியது அதுதான். கழுத்துக் கயிற்றில் மூன்று கொக்கியும் மாட்டிக்கொண்டன. கழுத்தில் ஏதோ சிவப்பாகத் தொங்குவதைப் பார்த்து மிரண்ட அல்லி, அக்கரையைப் பார்த்து ஒரே ஓட்டம் எடுத்தது. பின்னாலேயே மாசிலாமணியும் போனார், வயிற்றால்.

கயிறு அறுந்து போகவில்லை. நல்ல கயிறு.

“பெருசு மாட்டிருக்கு!” என்று துள்ளினார் மொக்கராசு.

அறிவிருந்தும் அவசரத்தில் திருவேங்கடம் தனக்குத் தெரிந்த ஒரே வித்தையைக் கத்தினார். “ரீலை விடுங்க! ரீலை விடுங்க!”

சேற்றுக்குள்ளிருந்து மாசிலாமணி தலையைத் தூக்கினார். காதர் பாய் சொன்னது நினைவுக்கு வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, நிதானமாக.

“எனக்கு... டவுன்ல மூணு மாடி வீடு இருக்கு!”

அல்லி நிற்கவில்லை.

“இன்னும் விடுங்க! அது இழுக்க இழுக்க விடுங்க!”

“நான் பி.ஏ. பாஸ்!” முழுகி எழுந்தார். “கலெக்டரும் நானும் ஒண்ணாப் படிச்சோம்!” ஒரு வாய் சேறு. “கண்மாயை வெட்டினதே எங்க தாத்தா, ஒத்தைக் கையால!”

“நிறுத்தாதீங்க மாமா, சிக்கிரும்!” என்று கரையோடு கூடவே ஓடினார் சோணைமுத்து.

மாசிலாமணி கண்மாயை மூன்று முறை சுற்றி வந்தார். மூன்றாவது சுற்றில், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, அவரிடம் இருந்த பொய்யெல்லாம் தீர்ந்துபோனது. வாய்க்கு வேறொன்றும் அகப்படவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வர, அலறினார். “நான் இன்னைக்கு வரைக்கும் ஒரு அயிரை மீன்கூடப் பிடிச்சதில்லங்க! பொண்ணுக்காகத்தான் இதெல்லாம்!”

அல்லி நின்றுவிட்டது. விவரப்பட்டியில் பிறந்து வளர்ந்த எருமை, மாசிலாமணி வாயிலிருந்து அப்படி ஒரு சத்தம் கேட்டதே இல்லை. திரும்பி அவரை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, மெதுவாக நடந்து கரையேறியது. கயிற்றின் மறுமுனையில் அவரும் ஏறினார்.

உடனே அங்கேயே ஆலோசனை நடந்தது.

“தண்ணிக்குள்ள இருந்துச்சா?” என்று கேட்டார் மொக்கராசு.

“இருந்துச்சு” என்றார் சோணைமுத்து.

“நம்ம தூண்டில்ல மாட்டுச்சா?”

“மாட்டுச்சு.”

“ரீல் விட்டதும் களைச்சு நின்னுச்சா? கரையேறுச்சா?”

“ஏறுச்சு.”

“அப்ப மீன்தான். கடையில கேட்டு வந்த விவரம், மாத்திப் பேச முடியாது.”

“அது உங்க எருமை இல்லையா?” என்று சோணைமுத்துவிடம் கேட்டார் திருவேங்கடம்.

“இறக்கிவிடும்போது அல்லிதாங்க. பிடிச்சதுக்கப்புறம் எப்படிங்க எருமைன்னு சொல்றது?”

எல்லோரும் திருவேங்கடத்தின் தீர்ப்புக்குக் காத்திருந்தார்கள். மாசிலாமணி காதிலிருந்து சேறு வழிய, மகளை நிமிர்ந்து பார்க்கவும் துணிச்சலில்லாமல் நின்றார். திருவேங்கடம் ஒருமுறை வேப்பமரத்தடியைப் பார்த்தார். பிறகு தன் பெட்டியைப் பார்த்தார். நாற்பது வருடத்தில் அந்தப் பெட்டிக்குள் ஒரு மீன்கூட வந்ததில்லை என்பதும், ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுக்குக் கொண்டுபோன விராலெல்லாம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மீன்கடையில் வாங்கியவை என்பதும் அவர் மனைவிக்கு மட்டுமே தெரியும். நிஜமாகவே மீன் பிடிக்கத் தெரிந்த சம்பந்தி வாய்த்துவிட்டால், வாரா வாரம் அவர் கதி என்ன?

“முந்நூறு கிலோ இருக்கும்” என்றார் மெதுவாக. “இவ்வளவு பெருசு நானே பிடிச்சதில்ல சம்பந்தி.”

அடுத்த முகூர்த்தத்தில் நிச்சயதார்த்தம். மாசிலாமணி வீட்டு வாசலில் பந்தல். காப்பிக் கவனிப்பு மொக்கராசுவின் பொறுப்பு. அன்று காலையில் அல்லி தாராளமாகக் கறந்திருந்தது, நுரை பொங்கும் காப்பி. திருவேங்கடத்தின் அக்கா டம்ளருக்குக் கை நீட்டினார். நெற்றி நிறைய விபூதி. மொக்கராசு டம்ளரைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.

“நீங்க சைவம்தானேத்தா? கடுங்காப்பி தர்றேன். இது மீன் பால்.”

அந்த அம்மா திகைத்துப்போய்த் தம்பியைப் பார்த்தார். திருவேங்கடம் ஒரு வாய் உறிஞ்சி, நாக்கால் கவனமாக அப்படியும் இப்படியும் துழாவிவிட்டு விழுங்கினார்.

“நீ தைரியமாக் குடி அக்கா” என்றார். “வடிகட்டித்தான் போட்டிருக்காங்க. ஒரு முள்ளுகூடத் தட்டுப்படல.”