பானைக்குப் போட்ட பட்டு மணை

முன்னொரு காலத்தில் பூபாலவர்மர் என்றொரு ராஜா இருந்தார். எந்த நாடு என்று கேட்காதீர்கள், வயிறு எல்லா நாட்டிலும் ஒன்றுதான். அவருக்குப் பகைவர் பயம் இல்லை, நாட்டில் பஞ்சமும் இல்லை. இருந்தது ஒரே தொல்லை, வயிற்றுவலி. மத்தியானச் சாப்பாடு முடிந்து ஒரு நாழிகை ஆனால் போதும், தொப்புளைச் சுற்றிப் பிடித்து இழுக்கும். சிங்காசனத்தில் நெளிவார். எதிரே யார் வந்து நின்றாலும் எரிந்து விழுவார்.

மருந்துக்கும் குறைவில்லை. அரண்மனை வைத்தியர் ஏகாம்பரம் இஞ்சிச் சாறு கொடுப்பார். அது தொண்டையைத் தாண்டுவதற்குள் மந்திரி ஓமத் தண்ணீரை நீட்டுவார். சேனாதிபதி ஒரு பிடி வெந்தயம் கொண்டுவருவார். புரோகிதர் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு காத்திருப்பார். யார் மனமும் நோகக்கூடாது என்று ராஜா எல்லாவற்றையும் விழுங்கி வைப்பார்.

அந்தச் சபையின் விகடகவி அழகம்பெருமாள். சாப்பாடு ஆனதும் ராஜாவுக்கு ஒரு வேடிக்கை சொல்லிச் சிரிக்க வைப்பது அவர் வேலை. ராஜா தம்மிடம் முகம் சுளிப்பதும் அவரிடம் சிரிப்பதும் வைத்தியருக்கு வெகு நாளாகவே பொறுக்கவில்லை.

ஒருநாள் வைத்தியர் எழுந்து கைகூப்பினார். "மகாராஜா, காரணம் தெரிந்துவிட்டது. உண்டதும் சிரித்தால் குடல் புரளும். விகடகவியின் பேச்சே தங்கள் வலிக்கு மூலம்."

மூன்று நாள் அழகம்பெருமாள் வாய் திறக்கக்கூடாது என்று உத்தரவாயிற்று. அவரும் திறக்கவில்லை. வலி மட்டும் நேரம் தவறாமல் வந்தது.

"பழைய சிரிப்பு இன்னும் குடலில் தங்கியிருக்கிறது, மகாராஜா. அவர் நாட்டை விட்டே போனால்தான் அது அடங்கும்" என்றார் வைத்தியர், கொஞ்சமும் கூசாமல்.

வலியால் துடிக்கிறவருக்கு நியாயம் பார்க்கப் பொறுமை ஏது? ராஜா சீறினார். "அழகம்பெருமாளே! என் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதை நாளை மாலை இந்தச் சபையில் எல்லோர் கண்ணுக்கும் காட்டும். அங்கே உமது சிரிப்பு இல்லையென்றால் பிழைத்தீர். காட்ட முடியாவிட்டால் மனைவியோடு எல்லையைத் தாண்டிவிடும்."

"திருமேனியில் கத்தி படக்கூடாது" என்று வைத்தியர் ஒரு முடிச்சும் சேர்த்துப் போட்டார்.

வீட்டில் அவர் மனைவி வேதவல்லி பித்தளைச் சாமான்களை மூட்டை கட்டத் தொடங்கிவிட்டாள். பிறந்த ஊரை விட்டு எங்கே போவது என்று அழகம்பெருமாளும் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தார்.

"கொஞ்சம் இரு வேதவல்லி. ராஜாவுக்கு வலி வராத நாளுன்னு ஏதாவது உண்டா?"

"ஏன் இல்ல? ஏகாதசி அன்னைக்கு வராதே. அன்னைக்கு மட்டும்தான் நீங்க அவர்கிட்ட திட்டு வாங்காம வருவீங்க."

அழகம்பெருமாள் தொடையைத் தட்டினார். "அன்னைக்குத்தானே மரியாதைக் கவளம் கிடையாது! மூட்டையை அவிழ்த்துடு."

மரியாதைக் கவளம் என்பது அந்த அரண்மனையின் பழைய வழக்கம். சபையோர் பதினாறு பேரும் அவரவர் வீட்டிலிருந்து தினம் ஒரு பண்டம் அனுப்புவார்கள். ராஜா தம் சாப்பாட்டை முடித்த பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு கவளம் எடுத்துக்கொள்ள வேண்டும். யாருடையதையாவது தொடாமல் விட்டால் அவருக்கு அரச தயவு போயிற்று என்று ஊரே பேசும். ஆகையால் 'போதும்' என்று ராஜாவாலும் சொல்ல முடியாது. அதை வேறு யாராவது சொன்னால், ஒரே நாளில் பதினாறு பேருடைய பகையைச் சம்பாதிக்க வேண்டும்.

மறுநாள் காலை அழகம்பெருமாள் ஒரு புது மண்பானையோடு வந்தார். "மகாராஜா, தங்கள் வயிற்றைத்தான் சபைக்குக் கொண்டுவரப் போகிறேன். இதற்குத் தங்கள் பக்கத்தில் ஒரு மணை வேண்டும். தாங்கள் உட்கொள்வது எதுவோ, அதே அளவு இதற்கும் வேண்டும்."

ராஜா ஒப்புக்கொண்டார். பானைக்குப் பட்டு விரித்து மணை போட்டார்கள். சாதம், குழம்பு, பாயசம் என்று ராஜாவுக்குப் பரிமாறியதெல்லாம் பானைக்கும் போயிற்று. பிறகு மந்திரி வீட்டு அதிரசம், சேனாதிபதி வீட்டு மொச்சைக் குழம்பு, புரோகிதர் வீட்டு நெய்ப் பணியாரம், யாரோ அனுப்பிய எருமைத் தயிர். பதினாறு கவளமும் உள்ளே விழுந்தன. வலி வந்ததும் இஞ்சிச் சாறு, ஓமத் தண்ணீர், வெந்தயம், விளக்கெண்ணெய். அழகம்பெருமாள் பானையின் வாயைத் துணியால் கட்டி வெயிலில் வைத்தார்.

மாலையில் சபை நடுவே துணியை அவிழ்த்தார். பானை நுரைத்துப் பொங்கியது. முன்வரிசையில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வரிசைக்குப் போனார்கள்.

"என்ன இது?" என்றார் ராஜா.

"தங்கள் திருவயிறு, மகாராஜா. என் சிரிப்பு இருக்கிறதா என்று அகப்பையை விட்டுத் துழாவிப் பார்த்தேன். அகப்படவில்லை."

வைத்தியர் பதறினார். "இது ஏமாற்று! பானையும் வயிறும் ஒன்றா? உள்ளே போனதெல்லாம் நல்ல பண்டம், நல்ல மருந்து!"

"ரொம்பச் சரி, வைத்தியரே. அத்தனையும் நல்லது. ஆகவே தாங்கள் ஒரே ஒரு அகப்பை அருந்திக் காட்டுங்கள். நான் இப்போதே நாட்டை விட்டுப் போகிறேன்."

அகப்பை வைத்தியரின் மூக்கருகே வந்தது. அவர் ஒரு அடி பின்வாங்கினார். இன்னொரு அடி பின்வாங்கியபோது தூணில் முட்டிக்கொண்டார்.

ராஜா இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். சபை நடுங்கிவிட்டது. நாலு பேர் நாலு மருந்தோடு ஓடினார்கள். ராஜா நிமிர்ந்தபோது கண்ணில் நீர் வழிந்தது. அத்தனையும் சிரிப்பு!

"வைத்தியரே, பழைய சிரிப்பு குடலில் தங்கியிருக்கிறது என்றீரே, அது மெய்தான் போலிருக்கிறது. மூன்று நாளாக அடக்கியதெல்லாம் வருகிறது!"

மறுநாள் முதல் பதினாறு பண்டங்களையும் ராஜா கையால் தொட்டு ஆசீர்வதிப்பார். அவை நேராகச் சத்திரத்துப் பந்திக்குப் போகும். அதில் யாருக்கும் மரியாதை குறையவில்லை. ராஜாவின் இலையில் சீரக ரசம் சாதமும் சுண்டை வற்றலும், குடிக்கப் பெருங்காயம் போட்ட நீர்மோரும்தான். வலித்தால் ஒரே ஒரு மருந்து, அதையும் வைத்தியரே தரட்டும் என்று அழகம்பெருமாள் விட்டுக்கொடுத்தார். அடுத்த ஏகாதசி வருவதற்குள் வலி வந்த வழியே போய்விட்டது.

ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி விகடகவிக்குப் போட்டார். "இன்னும் என்ன வேண்டும், கேளும்."

"பானை உட்கார்ந்திருந்த மணை காலியாக இருக்கிறது, மகாராஜா."

அன்று முதல் ராஜாவின் பக்கத்து இலை அழகம்பெருமாளுக்கு. இருவருக்கும் ரசம் ஊற்றுவதற்கு முன்பே சிரிப்பு தொடங்கிவிடும். எதிர்வரிசையில் உட்கார்ந்து வைத்தியரும் அதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட வேண்டியதாயிற்று.